தாரணையில் தொடங்கி சமாதி வரை: தியானம் பழக வருகிறவர்களுக்கு

சமாதிக்கென்று தனியாக ஓர் உத்தி கிடையாது. பதஞ்சலியின் யோக சூத்திரம் யோகத்துக்கு எட்டு அங்கங்களைச் சொல்கிறது. கடைசி மூன்றான தாரணை, தியானம், சமாதி ஆகியவற்றைச் சேர்த்து சம்யமம் என்று ஒரே பெயரில் அழைக்கிறது. மூன்றும் ஒரே செயலின் மூன்று கட்டங்கள் என்பதுதான் காரணம். மனத்தை ஓர் இடத்தில் கட்டி வைப்பது தாரணை. கட்டிய இடத்தில் அந்த ஒரே எண்ணம் அறுபடாமல் ஓடினால் அது தியானம். அப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘நான் தியானம் செய்கிறேன்’ என்ற நினைப்பும் கரைந்து, தியானிக்கப்படும் பொருள் மட்டும் ஒளிர்ந்தால் சமாதி.

கூர்ம புராணத்தில் வரும் ஒரு கணக்கை விவேகானந்தர் எடுத்துச் சொல்வார். மனம் ஒன்றில் 12 விநாடி நின்றால் ஒரு தாரணை. அப்படிப் பன்னிரண்டு தாரணை ஒரு தியானம். பன்னிரண்டு தியானம் ஒரு சமாதி. பெருக்கிப் பார்த்தால் தியானத்துக்கு 2 நிமிடம் 24 விநாடி, சமாதிக்கு 28 நிமிடம் 48 விநாடி. கடிகாரத்தை வைத்துக்கொண்டு இதை அளக்க வேண்டியதில்லை. ஆனால் வழி எப்படிப் போகிறது என்பது இந்தக் கணக்கில் தெளிவாகத் தெரிகிறது. நம் கையில் இருப்பது அந்த முதல் 12 விநாடி. மிச்சமெல்லாம் அதன் நீட்சி. அதனால் இந்தக் கட்டுரையும் பெரும்பகுதி தாரணையைப் பற்றித்தான் பேசப் போகிறது.

யார் கவனமாக இருக்க வேண்டும்

மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, கடுமையான மன அதிர்ச்சி ஆகியவற்றுக்குச் சிகிச்சை எடுப்பவர்களும், முன்பு எடுத்தவர்களும், நீண்ட நேரத் தியானத்தில் இறங்குவதற்கு முன் தங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். நாள் கணக்கில் மௌனமாக உட்காரும் முகாம்கள் அடங்கியிருந்த நோயைக் கிளறிவிடலாம். தியானம் செய்கிறோமே என்று மருந்தை நீங்களாக நிறுத்தவே கூடாது. இரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கும் பயிற்சிகளை விட்டுவிடலாம். அவை இல்லாமலே தாரணை கைகூடும்.

உட்காராத நேரம்

எட்டு அங்கங்களில் முதல் இரண்டான இயமமும் நியமமும் பெரும்பாலும் தாண்டிப் போகப்படுகின்றன. துன்புறுத்தாமை, வாய்மை, திருடாமை, புலனடக்கம், தேவைக்கு மேல் சேர்க்காமை; தூய்மை, மனநிறைவு, தவம், தன்னையும் நூலையும் கற்றல், இறைவனிடம் ஒப்படைத்தல். ‘இதெல்லாம் நீதிபோதனை, நமக்கு வேண்டியது தியானம்’ என்று தோன்றலாம். காலையில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மாலையில் கண்ணை மூடி உட்கார்ந்து பாருங்கள். அந்தப் பொய் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று மனம் திட்டம் போட்டுக்கொண்டே இருக்கும். யாரையாவது கடிந்து பேசியிருந்தால் அந்தப் பேச்சு முழுதும் இன்னொரு முறை ஓடும், இந்த முறை நாம் இன்னும் நன்றாகப் பதிலடி கொடுப்போம். முதல் இரண்டு அங்கங்கள் இந்த வேலையைக் குறைக்கத்தான் இருக்கின்றன.

பத்தையும் ஒரே நாளில் பிடிக்க முடியாது. அதற்கு பதிலாக, பதஞ்சலியே சொல்லும் நான்கு மனப்பாங்குகளைத் தினமும் பழகலாம். சுகமாக இருப்பவர்களிடம் நட்பு, துன்பப்படுகிறவர்களிடம் கருணை, நல்லது செய்கிறவர்களைக் கண்டு மகிழ்ச்சி, தீயது செய்கிறவர்களைப் பொருட்படுத்தாமல் விடுதல். இரவு படுக்கும் முன் அன்று சந்தித்தவர்களை ஒவ்வொருவராக நினைத்து, இந்த நான்கில் எது தவறியது என்று பாருங்கள். பெரும்பாலும் முதலாவதுதான் தவறியிருக்கும். மற்றவர் சுகத்தைப் பார்த்து வரும் சின்னப் பொறாமை, தியானத்தில் எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும்.

உட்காருதல்

ஆசனத்துக்குப் பதஞ்சலி வைக்கும் இலக்கணம் இரண்டே: அசையாமல் இருக்க வேண்டும், சுகமாக இருக்க வேண்டும். பத்மாசனம் வராதவர்கள் அதற்காக முழங்காலை வருத்த வேண்டாம். சுகாசனம் போதும். ஒரு போர்வையைக் கெட்டியாக மடித்து உட்காரும் இடத்தின் பின்பாதிக்கு அடியில் வையுங்கள். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர வேண்டும். அப்படி உயர்ந்ததும் முதுகு தானாக நிமிரும், நிமிர்த்திப் பிடிக்க வேண்டியிருக்காது. முழங்கால் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றால் அதற்கு அடியிலும் ஒரு துணியைக் கொடுங்கள். நாற்காலியில் உட்காருகிறவர்கள் பாதத்தைத் தரையில் முழுதாகப் பதித்து, முதுகைச் சாய்க்காமல் உட்காரலாம். படுத்துக்கொண்டு மட்டும் வேண்டாம், தூக்கம்தான் வரும்.

மோவாய் சற்று உள்வாங்கி இருக்கட்டும். நாக்கு மேலண்ணத்தைத் தொட்டிருக்கட்டும், பற்கள் கடிபட வேண்டாம். நெற்றி, இமை, தாடை ஆகிய மூன்று இடங்களில் இறுக்கம் திரும்பத் திரும்ப வந்து உட்காரும். மனம் எதையாவது பிடிக்க முயலும்போதெல்லாம் தாடைதான் முதலில் இறுகும். கால் மரத்துப்போனால் ஒன்றும் ஆகாது, எழுந்ததும் சரியாகிவிடும். முழங்காலில் சுருக்கென்று வலித்தால் உடனே காலை மாற்றுங்கள். அதைத் தாங்குவது தவம் ஆகாது.

தினமும் ஒரே நேரம், ஒரே இடம். சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். தொடக்கத்தில் 20 நிமிடம் போதும்.

மூச்சு

இடது நாசியால் இழுத்து வலதால் விட்டு, பின் வலதால் இழுத்து இடதால் விடுவது ஒரு சுற்று. மூடுவதற்கு வலது கைப் பெருவிரலும் மோதிர விரலும். இழுக்க நான்கு எண்ணிக்கை, விட ஆறு எண்ணிக்கை. ஐந்தாறு சுற்று செய்தால் போதும். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்று மெதுவாகும், இழுக்கும்போது சற்று வேகமாகும். அதனால்தான் விடும் மூச்சை நீளமாக வைக்கிறோம்.

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பூரகம் (இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, இரேசகம் (விடுவது) 32 மாத்திரை (கால அளவு) என்று வருவதைப் படித்துவிட்டு, வீட்டில் தனியாகவே மூச்சை அடக்கிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த அளவு, பக்கத்தில் ஆசிரியர் இருந்து, நீண்ட காலம் படிப்படியாகப் பழகியவர்களுக்கு உரியது. தொடக்கக்காரர்கள் மூச்சை இழுக்கட்டும், விடட்டும், அடக்க வேண்டாம்.

சுற்றுகள் முடிந்ததும் கையை மடியில் வைத்து, மூச்சை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். காதில் விழும் சத்தங்களை ஒரு நிமிடம் கேளுங்கள். எது என்ன சத்தம் என்று பெயர் வைக்காமல் கேளுங்கள். அப்புறம் கவனத்தை உடம்புக்குள் கொண்டுவாருங்கள். சத்தம் இருக்கும், ஆனால் அதன் பின்னால் மனம் ஓடாது. புலன்களை வெளியிலிருந்து உள்ளே திருப்பும் பிரத்தியாகாரத்தை இந்த அளவில் தொடங்கினால் போதும்.

எதைப் பிடிப்பது

மூச்சு, மந்திரம், இஷ்ட தெய்வத்தின் உருவம், நெஞ்சின் நடுவில் ஓர் இடம், ஒரு சுடர் என்று எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பதஞ்சலி சில வழிகளைச் சொல்லிவிட்டு, கடைசியில் அவரவர் மனத்துக்கு உகந்தது எதுவோ அது என்று முடிக்கிறார். மனத்துக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறவர்களுக்கு மந்திரம் நன்றாக வேலை செய்கிறது, பேச்சின் இடத்தை அது எடுத்துக்கொள்கிறது. பக்தி மனம் உள்ளவர்களுக்கு உருவம். இரண்டும் ஒட்டாதவர்களுக்கு மூச்சு. புருவ மத்தியை எடுத்துக்கொள்கிறவர்கள் கண்ணை மேலே சொருகிக்கொண்டு உட்கார வேண்டாம், தலைவலியில் முடியும். கவனம் மட்டும் அங்கே போனால் போதும்.

எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைவிட, அதை மாற்றாமல் இருப்பது முக்கியம். குறைந்தது ஆறு மாதம். மூன்றாம் வாரம் சலிப்பு வரும். ‘எனக்கு இது ஒத்துவரவில்லை, அந்த மந்திரம் சக்தி வாய்ந்ததாம்’ என்று தோன்றும். தியானம் பழகத் தொடங்கிப் பாதியில் விட்டவர்களில் பெரும்பாலோர் விட்ட இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சலிப்பு வருகிறது என்றால் மனத்துக்குப் புதுமையின் தீனி கிடைக்கவில்லை என்று பொருள். அது நமக்கு வேண்டியதுதான்.

ஒரு தாரணையை அருகில் பார்ப்போம்

மூச்சை எடுத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். நாசித் துவாரத்தின் விளிம்பில் காற்று தொடும் இடத்தில் கவனம். உள்ளே போகும்போது சற்றுக் குளிர்ச்சி, வெளியே வரும்போது சற்று வெதுவெதுப்பு. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. மூன்றாவது மூச்சில் ‘நன்றாகத்தான் போகிறது’ என்று ஓர் எண்ணம் வருகிறது. அது எண்ணம் என்று தெரியாமலே அதன் பின்னால் போய்விடுகிறோம். அதிலிருந்து நாளைக்குச் செய்ய வேண்டிய ஒரு வேலை, அந்த வேலையில் வரும் ஒரு மனிதர், அவர் எப்போதோ சொன்ன ஒரு சொல். அங்கே ஒரு கணம், ‘அட, மூச்சை விட்டுவிட்டோமே’ என்று தெரிகிறது.

அந்தத் தெரிதல்தான் பயிற்சியின் உயிர். அப்போது என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே எல்லாம். எண்ணம் எங்கிருந்து தொடங்கியது என்று பின்னோக்கித் தேட வேண்டாம். தன்னைத் திட்டிக்கொள்ளவும் வேண்டாம், அந்தத் திட்டு இன்னோர் எண்ணம். தாடையைத் தளர்த்திவிட்டு, அடுத்து வரும் மூச்சின் தொடுதலுக்குத் திரும்புங்கள். இருபது நிமிடத்தில் நூறு தடவை போனால் நூறு தடவை திரும்புங்கள். நிறையப் போய்த் திரும்பிய நாள் வீணான நாள் ஆகாது. போனதே தெரியாமல் மணி அடித்த நாள்தான் கவனிக்க வேண்டிய நாள்.

நான்கு தடைகள்

மாண்டூக்ய காரிகை என்ற அத்வைத நூலில் அதன் ஆசிரியர் கௌடபாதர் தியானத்தின் இடையில் வரும் நிலைகளையும் அவற்றுக்கு மருந்தையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார். பிற்கால வேதாந்த நூல்கள் அவற்றை லயம், விட்சேபம், கஷாயம், ரசாஸ்வாதம் என்று நான்காக வைத்துக்கொண்டன. இவ்வளவு பயனுள்ள ஒரு பட்டியலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

லயம் என்பது மனம் தூக்கத்தில் அமிழ்வது. தலை மெல்ல முன்னால் சாயும். அர்த்தமில்லாத ஒரு வாக்கியமோ யாருடைய முகமோ வந்து போகும். இதமாக இருப்பதால் தியானம் ஆழமாகிறது என்று எண்ணிவிடுவோம். மருந்து, எழுப்புவது. முதுகை நிமிர்த்தி இரண்டு மூச்சு ஆழமாக இழுங்கள், கண்ணைப் பாதி திறந்து வையுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். இரவு ஆறு மணி நேரம்கூடத் தூங்காதவருக்கு எந்த மருந்தும் கேட்காது, முதலில் தூங்கட்டும்.

விட்சேபம் சிதறல். மருந்து, அடக்குவது. விடும் மூச்சை இன்னும் நீட்டுங்கள், அல்லது விடும் மூச்சு ஒவ்வொன்றையும் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணித் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குங்கள். எண்ணிக்கை தவறினால் சண்டை வேண்டாம், ஒன்றுக்கு வாருங்கள்.

கஷாயம் கொஞ்சம் நுட்பமானது. தூக்கமும் இல்லை, சிதறலும் இல்லை, ஆனாலும் மனம் உள்ளே போகாமல் கட்டைபோல் நிற்கும். அடியில் பழைய ஆசை ஒன்றோ, ஆறாத வருத்தம் ஒன்றோ சொல்லாமல் கிடக்கும். இதற்கு வலுக்கட்டாயம் உதவாது. இங்கே ஏதோ இருக்கிறது என்று அறிந்துகொண்டு, அதைத் தோண்டாமல், தாரணையைத் தொடர்வதுதான் வழி. சில வாரங்கள்கூட எடுக்கலாம்.

ரசாஸ்வாதம், கிடைத்த இன்பத்தை நின்று சுவைப்பது. இதற்குக் கீழே வருகிறேன்.

மனம் சமநிலைக்கு வந்துவிட்டால் அதை அசைக்காதே என்றும் கௌடபாதர் சொல்கிறார். மருந்து வேலை செய்த பிறகும் மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிற பழக்கம் நமக்கு உண்டு. அமைதி வந்த பிறகும் ‘சரியாக உட்கார்ந்திருக்கிறேனா, மூச்சு சரியா’ என்று சோதித்துக்கொண்டே இருப்போம். அந்தச் சோதனையை நிறுத்துங்கள்.

தியானம் ஆகும்போது

திரும்பி வருவது எளிதாக ஆக, போவதும் குறையும். ஒரு நாள், முயற்சி செய்யாமலே கவனம் அங்கேயே இருப்பது தெரியும். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு எண்ணெய் ஒழுகும்போது தாரை அறுவதில்லை அல்லவா, மரபில் தியானத்துக்குச் சொல்லும் உவமை அதுதான். மூச்சு மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு லேசாகும். பயப்பட வேண்டாம், உடம்புக்கு வேண்டிய காற்றை அது எடுத்துக்கொண்டுதான் இருக்கும். கை எங்கே முடிகிறது, மடி எங்கே தொடங்குகிறது என்பது மங்கும். வெளிச்சம் தெரிவது, உள்ளே ஒலி கேட்பது, உடம்பு பெரிதாவதுபோல் இருப்பது எல்லாம் சிலருக்கு வரும், சிலருக்கு வராது. வந்தால் வரட்டும், உங்கள் வேலை எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றுதான்.

இங்கே எல்லோருக்கும் நடப்பது: ‘வந்துவிட்டது!’ என்ற எண்ணம். அது எழுந்த கணத்திலேயே எல்லாம் கலைந்துவிடும். மறுநாள் அதையே எதிர்பார்த்து உட்காருவோம், வராது. ரசாஸ்வாதம் என்பது இந்த இரண்டும் சேர்ந்தது. இன்பம் வரும்போது அதைத் தள்ளவும் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். நேற்று கிடைத்தது நேற்றோடு. இன்றைக்கு முதல் மூச்சிலிருந்து.

சமாதி

பொருள் மட்டும் ஒளிர்ந்து, தன் வடிவம் இல்லாததுபோல் ஆவது என்பது பதஞ்சலியின் இலக்கணம். ‘போல்’ என்பதை அவரே சேர்த்திருக்கிறார். நீங்கள் அழிந்துபோவதில்லை, உங்களைப் பற்றிய நினைப்பு அந்த நேரத்தில் எழுவதில்லை. இதிலும் படிகள் உண்டு. பொருள் ஒன்றைப் பற்றி நிற்பது சபீஜம், எந்தப் பற்றுக்கோடும் இல்லாதது நிர்பீஜம். புதிதாகப் பழகுகிறவர் இரண்டாவதைப் பற்றிப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதை முயன்று செய்ய முடியாது. செய்கிறவர் இருக்கும் வரை அது தியானம்தான். அந்த நேரத்தில் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால் செய்யாமல் இருங்கள், அவ்வளவே.

உறங்கிவிட்டேனா, ஒடுங்கினேனா என்ற சந்தேகம் நியாயமானது. எழும்போது கழுத்து தொங்கியிருந்தால், உடம்பு கனமாக, எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் புரியாமல் இருந்தால் அது தூக்கம். முதுகு நிமிர்ந்தபடியே இருந்து, நினைவு திரும்பும்போது முதலில் கைக்குக் கிடைப்பது அதே மூச்சாகவோ அதே மந்திரமாகவோ இருந்து, மனம் தெளிவாக இருந்தால் நல்ல குறி. வெளியே வரும்போது சட்டென்று எழ வேண்டாம். விரல்களை அசைத்து, உள்ளங்கையைக் கண்மேல் வைத்து, மெதுவாகத் திறந்து, ஐந்து நிமிடம் யாரோடும் பேசாமல் இருங்கள்.

ஒடுங்குவதே முடிவு என்று நினைக்கிறவர்களுக்கு ரமணர் அடிக்கடி ஒரு கதை சொல்வார். கங்கைக் கரையில் ஒரு யோகி சீடனிடம் தண்ணீர் கேட்டார். அது வருவதற்குள் சமாதியில் ஆழ்ந்துவிட்டார். பல நூறு ஆண்டுகள் கழித்து விழித்ததும் அவர் கேட்டது, ‘தண்ணீர் எங்கே?’ எந்த எண்ணத்தோடு உள்ளே போனாரோ அந்த எண்ணம் அப்படியே காத்திருந்தது. மனம் ஒடுங்குவது வேறு, அதன் வேர் அழிவது வேறு என்பதற்காக அவர் சொன்னது. எனவே எவ்வளவு நேரம் ஆழ்ந்திருந்தீர்கள் என்பதை அளவாக வைத்துக்கொள்ளாதீர்கள். முன்பு உடனே வெடித்த கோபம் இப்போது ஒரு மூச்சு தள்ளி வருகிறதா? அதைப் பாருங்கள்.

நாளும் காலமும், ஆசிரியரும்

நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்தால்தான் பயிற்சி வேரூன்றும் என்பது யோக சூத்திரம் வைக்கும் நிபந்தனை. காலை, மாலை 20 நிமிடம். இரண்டு மூன்று மாதம் கழித்து 30, அப்புறம் 45. வாரத்தில் ஒரு நாள் முடிந்தால் ஒரு மணி நேரம். வாரத்துக்கு ஒரு முறை மூன்று மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் இருபது நிமிடம் மேல்.

தனியாக இந்த அளவு வரை வரலாம். தியானம் அடிக்கடி தானாக நிகழத் தொடங்கிய பிறகு, இந்த வழியில் போனவர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஆசிரியரைத் தேடும்போது சிலவற்றைப் பாருங்கள். இத்தனை நாளில் சமாதி என்று நாள் குறிக்கிறவர், கேள்வி கேட்டால் சினப்படுகிறவர், சித்திகளைக் காட்டி ஆள் சேர்ப்பவர், மருந்தை நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அங்கிருந்து வந்துவிடுங்கள். சித்திகள் சமாதிக்குத் தடை என்று பதஞ்சலியே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

தொடர்ந்து சில நாட்கள் தூக்கம் வராமல் போனால், சுற்றியுள்ளது எல்லாம் உண்மையில்லாததுபோல் தோன்றினால், காரணமில்லாத பயம் பிடித்தால் தியானத்தை நிறுத்துங்கள். நன்றாகச் சாப்பிடுங்கள், வெளியே நடங்கள், நெருங்கியவர்களோடு பேசுங்கள், மருத்துவரைப் பாருங்கள். எல்லாம் அடங்கி, அவரும் சரி என்ற பிறகு, பத்து நிமிடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம்.